தொப்பியில் ஏழு பள்ளங்கள்

அந்த வரிசையில் மொத்தமே பன்னிரண்டு பொம்மைகள்தான். ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு பல்பொடிக் கம்பெனி டப்பாவுக்கு ஒன்றாக உள்ளே போட்டுக் கொடுத்த சர்க்கஸ் பொம்மைகள். கட்டைவிரல் உயரம், மெத்தென்ற பிளாஸ்டிக். யானை, சிங்கம், முரசடிக்கும் கரடி, கோமாளி, குடை பிடித்துக் கயிற்றில் நடக்கும் பெண், அகல விளிம்புத் தொப்பி போட்ட சாட்டைக்காரர் என்று பன்னிரண்டு. பல்லுக்காரரிடம் அவற்றில் இருநூற்றுப் பதினான்கு இருந்தன.

"பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதானே? மிச்சம் இருநூத்தி ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர் மனைவி ஒரு முறை கேட்டாள்.

"எல்லாம் வேற வேறம்மா. இந்தக் கரடியோட முரசுல ஆறு கயிறு, இதுல ஏழு. இந்தக் கோமாளிக்கு மூணு பொத்தான். இவனுக்கு நாலாவது பொத்தான் பாதி விழுந்திருக்கு பாரு."

"பாதிப் பொத்தானுக்கு ஒரு முழு அலமாரி" என்றாள் அவள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. குடிநீர் வாரியத்தில் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பிரிவில் அவளுக்கு வேலை. எட்டு மணி நேரம் ஊராருடைய கத்தலைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் குரல் உயர்வதே இல்லை.

பல்லுக்காரர் என்பது அவருக்குப் பொம்மைச் சங்கத்தில் வைத்த பெயர். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு செயற்கைப் பல் செய்யும் லேபில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். பல்லில் பதினாறு வகை வெள்ளை உண்டு. பதினாறையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வார். அந்தக் கண்ணை வைத்துத்தான் சர்க்கஸ் குதிரை நான்கு விதமான வெள்ளையில் வந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். சங்கத்தில் மற்ற பத்துப் பேருக்கும் நான்கும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனாலும் மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். பொருளாளர் மட்டும், அவர் மருந்துக்கடைக்காரர், "யோவ், நாலும் வெள்ளைதான்யா" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

சங்கத்தின் தலைவர் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் படிக்கல்லையும் அளவுக்கோப்பையையும் முப்பத்தைந்து வருடம் சோதித்தவர். சட்டைப் பையில் பேனா இருக்காது, வெர்னியர் அளவுகோல்தான் இருக்கும். பொம்மைகளின் வகைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அளந்து, எண் போட்டு ஒரு பட்டியல் நூல் எழுதியிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டு முன்னறையில்தான் கூட்டம். அந்த நூலில் இருந்தால் அது வகை, இல்லாவிட்டால் சும்மா பொம்மை.

அந்த நூலின் முப்பத்தோராம் பக்கம்தான் எல்லோருக்கும் உயிர். 'ஏழு பள்ளத் தொப்பி.' சாட்டைக்காரரின் தொப்பி விளிம்பில் மேலே நான்கு பள்ளங்கள், கீழே மூன்று பள்ளங்கள். உலகத்திலேயே மூன்றுதான் கிடைத்திருந்தன. மூன்றும் தலைவரிடம்தான் இருந்தன, பெற்றோர் வீட்டுப் பரணை ஒழித்தபோது கிடைத்தவை. மூன்றையும் வெர்னியரால் அளந்திருந்தார். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி மூன்றிலும் இம்மி பிசகாமல் ஒன்று. ஆகவே இது கைபட்டு நேர்ந்த கோளாறு அல்ல, அச்சிலேயே செய்த வேலைப்பாடு என்று எழுதியிருந்தார். மேலே உள்ள நான்கும் நான்கு திசைகளாம், கீழே உள்ள மூன்றும் மூன்று காலங்களாம். மூன்றில் ஒன்று மட்டும் அகலமாக இருப்பதற்கும் காரணம் வைத்திருந்தார். அது எதிர்காலம், இன்னும் முடியவில்லை. கடைசி வரியில், 'இவ்வகை மிகக் குறுகிய ஒரு வட்டாரத்தில் மட்டுமே விற்பனைக்கு வந்திருக்க வேண்டும்' என்று இருந்தது.

பல்லுக்காரர் அந்த மூன்றில் ஒன்றுக்காக நான்கு வருடம் தலைவரைச் சுற்றிவந்தார். கடைசியில் தலைவர் மனமிரங்கினார். பதிலுக்கு அவர் கேட்டது பல்லுக்காரரின் ஏழு யானைகளை. தும்பிக்கை தூக்கியது, மடக்கியது, இடப்பக்கம் திரும்பியது என்று பத்து வருடம் தேடிச் சேர்த்த ஏழு. பஞ்சில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தொப்பிக்காரரைச் சட்டைப் பையில் நிறுத்திக்கொண்டு வீடு வந்தார்.

"ஏழு குடுத்து ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

"அலமாரில ஆறு இடம் காலியாச்சுன்னு நினைச்சுக்கோயேன்."

அதைக் கேட்டு அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பொம்மையை லேபுக்கு எடுத்துப்போனார். பெரிதாக்கிக் காட்டும் கருவி அங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கை கழுவப் போனதும் சாட்டைக்காரரைக் கருவியின் கீழே நிறுத்தி, நான்கு திசைகளையும் ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள் மெழுகு அக்கா. பல்லுக்கு முதலில் மெழுகில் உருவம் செய்வது அவள் வேலை. அவருக்கும் நான்கு வருடம் மூத்தவள், வாயில் பூட்டு கிடையாது.

"யாரோட பல்லு இது?" என்றாள்.

"பல்லு இல்லக்கா. பொம்மை. தொப்பி."

"தொப்பி தெரியுது. கடிச்சது யாருன்னு கேட்டேன்."

பல்லுக்காரர் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"பாரு, மேல நாலு. முன்பல்லு நாலு. நடுவுல ரெண்டு பெருசு, ஓரத்துல ரெண்டு சிறுசு. கீழ மூணு, அதுல ஒண்ணு அகலம். ரெண்டு பல்லு ஒட்டிக்கிட்டே முளைச்சிருக்கு. அளவப் பார்த்தா பால்பல்லு. அஞ்சு வயசு இருக்கும் குழந்தைக்கு. நல்ல கோவம்." சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். "ஏன், உனக்குத் தெரியலையா? தெனம் இதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கே?"

அதுதான் அவருக்கும் விளங்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்தவர். குதிரையில் நான்கு வெள்ளையைக் கண்டுபிடித்தவர். தொப்பியில் திசைகளைப் பார்த்தவருக்குப் பல் கண்ணில் படவில்லை. இப்போதோ பல்லைத் தவிர வேறெதுவும் தெரியமாட்டேன் என்றது. திசை, காலம் என்று மனதைத் திருப்பிப் பார்த்தார். நடக்கவில்லை.

சாயங்காலம் அளவெடுக்கும் பசையைப் பள்ளங்களில் மெல்ல அழுத்தி எடுத்தார். பள்ளம் மேடாக வந்தது. அதை மாதிரியாக வைத்துக்கொண்டு பிளாஸ்டர் மாவைக் குழைத்து, மேலே நான்கு, கீழே மூன்று என்று சின்னஞ்சிறு பல்வரிசை செய்து முடித்தார். கைப்பழக்கத்தில் ஈறுகூட வைத்துவிட்டார். மேசையில் நிறுத்தினால் அது அவரைப் பார்த்து இளித்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த ஞாயிறு பட்டியல் நூலின் இரண்டாம் பதிப்பு வெளியாகிறது, அட்டையிலேயே ஏழு பள்ளத் தொப்பியின் படம், தலைவர் அச்சகத்துக்கு நடையாய் நடக்கிறார், இந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது, சொல்லாமலும் எப்படி இருப்பது என்று அரை மணி நேரம் புலம்பினார். மனைவி தட்டை அலம்பிக்கொண்டே கேட்டாள்.

"உங்க புகார் பதிவாயிடுச்சு" என்றாள் கடைசியில். "வாரியத்துல நாங்க என்ன செய்வோம் தெரியுமா? குழாய் எங்கே உடைஞ்சுதோ அங்கேயே போய்ப் பார்ப்போம். சும்மா ஆபீஸ்ல உட்கார்ந்து பேசினா தண்ணி நிக்காது. போய் அவர்கிட்டயே சொல்லுங்க. தனியா சொல்லுங்க. கூட்டத்துல சொல்லாதீங்க, பாவம்."

மறுநாள் லேபுக்கு மட்டம் போட்டுவிட்டு, பல்வரிசையைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு போனார். தலைவர் முன்னறையில் புதுப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"வாங்க வாங்க! அட்டையப் பாருங்க. தொப்பி எப்படி விழுந்திருக்கு?"

"நல்லா விழுந்திருக்கு தலைவரே. ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உட்காருங்க."

"உட்கார்ந்துதானே இருக்கேன்."

"ஆமா. அப்படியே இருங்க." டப்பாவைத் திறந்து பல்வரிசையை எடுத்துப் புத்தகக் கட்டின் மேல் வைத்தார். அட்டைப் படத்துக்குப் பக்கத்திலேயே அது நின்றது. ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னார். முடிந்ததும் தலைவர் பையிலிருந்து வெர்னியரை எடுத்து, அந்தச் சின்னப் பற்களை ஒவ்வொன்றாக அளந்தார். புத்தகத்தைத் திறந்து எண்களைப் பார்த்தார். திரும்பவும் அளந்தார்.

"பொருந்துது" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பொய் எடையைக்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர். "மூணும் ஒரே அளவுன்னுதான் நானே எழுதியிருக்கேன். ஒரே வாய்ன்னா ஒரே அளவுதான் வரும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. தலைவரின் தங்கை சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள், அண்ணனோடுதான் இருக்கிறாள். பொம்மைக் கூட்டம் நடக்கும் ஞாயிறுகளில் வீட்டில் தங்கவே மாட்டாள்.

"இன்னிக்கு ஒருத்தர் பிரேக்குன்னு நினைச்சு என் காலை மிதிக்கிறார், அண்ணா. என் காலை!" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பல்வரிசையைப் பார்த்து நின்றாள். குனிந்தாள். நாக்கைக் கீழ்ப்பல்லில் வைத்து எதையோ தேடினாள்.

"இது என் பல்லாச்சே" என்றாள்.

இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"பால்பல்லு. கீழே ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணா இருக்கும். ஸ்கூல்ல என்னைக் கோடாலின்னு கூப்பிடுவாங்க. விழுந்தப்போ எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! இதை யாரு செஞ்சது? எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

பல்லுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாட்டைக்காரரை எடுத்து உள்ளங்கையில் நீட்டினார்.

"இவன்!" என்று கத்தினாள். "இவன் இன்னும் இருக்கானா?"

"பாப்பா," என்றார் தலைவர் மெதுவாக. "நீ இவரைக் கடிச்சியா?"

"கடிக்காம? எனக்குக் குடைக்காரி வேணும். டப்பா மேல அவ படம்தான் போட்டிருக்கும். அம்மா ஒவ்வொரு டப்பாவா வாங்கித் தர்றாங்க, திறந்தா இவன் சாட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். முதல் டப்பா இவன். ரெண்டாவதும் இவன். மூணாவதும் இவன். வர்றவனை எல்லாம் கடிச்சு வச்சேன். அப்புறம் அம்மா பேஸ்டுக்கு மாறிட்டாங்க."

"எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"நீ அப்போ ஹாஸ்டல்ல. நீ வீட்டுல இருந்திருந்தா உன்னைக் கடிச்சிருப்பேன், இவங்க தப்பிச்சிருப்பாங்க."

"மொத்தம் மூணு பேருதானே?"

"நாலு. நாலாவது ஆளோட தலையையே கடிச்சு எடுத்துட்டேன்."

தலைவர் புத்தகத்தில் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து பல்லுக்காரர் பக்கம் நகர்த்தினார். 'தலையற்ற சாட்டைக்காரர். ஒன்றே ஒன்று கிடைத்துள்ளது. கம்பெனியின் சோதனைத் தயாரிப்பாக இருக்கலாம்.'

"மூணு காலம்னு எழுதிட்டேன், பாப்பா" என்றார் தலைவர். "இந்தக் கீழ்ப்பள்ளம் மூணும். அகலமா இருக்கே, அது எதிர்காலம்னு."

தங்கை புத்தகத்தைப் பிடுங்கி வாசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். மீசை துடித்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார். பல்லுக்காரருக்குத்தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. இருமிச் சமாளித்தார்.

கிளம்பும்போது தலைவர் உள்ளே போய் ஏழு யானைகளையும் அதே பஞ்சோடு எடுத்து வந்தார். "தப்பான வகையைக் குடுத்து வாங்கிட்டேன். எடை குறைஞ்சா திருப்பிக் குடுத்துடணும். அதுதான் முறை."

பல்லுக்காரர் கை நீண்டது. இடப்பக்கம் திரும்பிய தும்பிக்கை பஞ்சுக்கு வெளியே தெரிந்தது. ஆனால் இன்னொரு கை சட்டைப் பைக்குப் போய்ப் பொம்மையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. அவரிடம் இருந்த இருநூற்றுச் சொச்சம் பொம்மைகளில் பாதிப் பொத்தானும் ஏழாவது கயிறும் எப்படி வந்தன என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இந்தத் தொப்பி ஒன்றுக்குத்தான் யார், எப்போது, எதற்காக என்று எல்லாம் தெரியும். அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருக்கிறாள்.

"இல்ல தலைவரே. இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். சொன்ன பிறகு யானைகள் பக்கம் திரும்பாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத் தன்னிடமிருந்த பத்தொன்பது குடைக்காரிகளில் ஒருத்தியை எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுத்தார். ஐம்பது வருடமாகத் தான் எதிர்பார்த்திருந்தவளை அவள் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னவளா? படத்துல குடை பெருசா இருக்குமே."

"பெரிய குடை ஒரு வகை இருக்குங்க. கொஞ்சம் அரிது."

"அப்போ அதைக் கொண்டாங்க" என்றாள், இதைத் திருப்பிக் கொடுக்காமலே.

இரண்டாம் பதிப்பைத் தலைவர் வீணாக்கவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் ஒரு சின்னத் தாளை ஒட்டினார். 'பக்கம் 31: அச்சு வேலைப்பாடு என்று வரும் இடங்களிலெல்லாம் கடி என்று திருத்தி வாசிக்கவும். பக்கம் 32: அதுவும் அப்படியே.'

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரகளையாகிவிட்டது. பொருளாளர் எழுந்து நின்றுவிட்டார். "கடிச்சதெல்லாம் ஒரு வகையா? அப்படின்னா எங்க வீட்டு நாய் செருப்புல நூறு வகை பண்ணி வச்சிருக்கு. அதையும் சேர்த்துக்கங்க!"

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் கடி வகை தப்பிப் பிழைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஏற்கெனவே தெரிந்த நாலைத் தவிர வேறு கடிபட்ட சாட்டைக்காரர் யாரிடமாவது கிடைத்தால், பல்லுக்காரர் அந்தப் பல்வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும்.

கிடைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டே வாரத்தில் பார்சல்கள் வர ஆரம்பித்தன. வெளியூர்ச் சேகரிப்பாளர்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டிருந்தது. முதலில் வந்த பொம்மையில் பள்ளங்கள் மிக ஆழம். 'இது நாய்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டாவது கடி ஒரே சீராக, அழகாக இருந்தது. 'இது பல்செட். கழற்றிக் கையில் வைத்து அழுத்தியிருக்கிறீர்கள்.' மூன்றாவது, இடுக்கி. நான்காவதைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது. வளர்ந்த மனிதர் ஒருவர் உண்மையாகவே பல்லால் கடித்து, அந்த முயற்சியில் ஒரு சில்லுப் பல்லைத் தொப்பியிலேயே விட்டிருந்தார். அந்தச் சில்லைத் தனியாகக் காகிதத்தில் மடித்துத் திருப்பி அனுப்பினார்.

ஐந்தாவது பார்சலை லேபில்தான் பிரித்தார். முன்பல்லால் கடித்தால் மாட்டிக்கொள்வோம் என்று அனுப்பியவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைவாய்ப் பக்கமாகக் கடித்திருந்தார். கருவியின் கீழே வைத்துப் பார்த்தார் பல்லுக்காரர். ஒரு பள்ளத்தின் அடியில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு சின்னக் கோடு பதிந்திருந்தது.

அவருக்குக் காது சூடானது. கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் அப்படி ஒரு கொக்கி கீறுவது அவர் வழக்கம். உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கீறுவதில்லை. மெழுகு அக்கா அதற்காக அவரை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

"அக்கா, இங்க வாயேன்" என்றார்.

அவள் வந்து பார்த்தாள். "நம்ம பல்லு!" என்றாள் பெருமையாக.

பழைய வாய் அச்சுகளை எண் போட்டு அடுக்கிவைத்திருக்கும் அலமாரியை இருவருமாகத் தேடினார்கள். சாப்பாட்டு வேளை முடிவதற்குள் கிடைத்துவிட்டது. தொப்பியை அதன் கடைவாயில் வைத்துப் பார்த்தால் பூட்டும் சாவியும் மாதிரி உட்கார்ந்தது. அச்சின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. மருந்துக்கடைக்காரர். சங்கத்தின் பொருளாளர். பார்சல் மேலே இருந்த முகவரி அவருடைய மச்சினனுடையது.

மெழுகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாய், செருப்புன்னு பேசினாரே, அந்த ஆளா?"

பல்லுக்காரருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. ஏனென்றால் அச்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. தொப்பியில் பக்கத்துப் பற்களின் பள்ளம் மேலோட்டமாக இருக்க, அவர் செய்த பல்லின் பள்ளம் மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது. அந்தப் பல் கால் மில்லிமீட்டர் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த மனிதர் இரண்டு வருடமாக அந்தப் பக்கம் எதையும் நன்றாக மென்றிருக்க முடியாது. சொல்லாமலேயே இருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே சான்று எழுதினார். 'இது குழந்தையின் கடி அல்ல. ஐம்பது வருடப் பழையதும் அல்ல.' பெயர் எதையும் குறிப்பிடவில்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டு இன்னொரு வரி சேர்த்தார். 'வலது மேல் கடைவாயில் கட்டிய பல் சற்று உயரமாக இருக்கிறது. அது செய்தவர் தவறு, உங்களுடையது அல்ல. டாக்டரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரி செய்துவிடுவார்.' மடித்து மச்சினன் முகவரிக்கு அனுப்பினார்.

அடுத்த கூட்டத்துக்குப் பொருளாளர் கொஞ்சம் தாமதமாக வந்தார். வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு, பல்லுக்காரர் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார். தலைவர் குடைக்காரியின் குடை அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு வந்திருந்த தங்கை, அண்ணன் அளந்தது தப்பு என்று வெர்னியரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். டீ வந்தது, தட்டில் பிஸ்கட்டும் வந்தது. நல்ல கெட்டி பிஸ்கட். இத்தனை நாளும் அதை டீயில் ஊறவைத்தே தின்றுவந்த பொருளாளர், ஒன்றை எடுத்து அப்படியே வலப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.

அந்தச் சத்தத்தில் தலைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பல்லுக்காரர் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொருளாளர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.